எடைக்குப் போகும் முன்

ஏற்காட்டு எஸ்டேட்களின் ஸ்டோர் அறைகளில் இரண்டு நூற்றாண்டு உழைப்பின் கருவிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. தோட்டம் கைமாறும்போது அவை கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகின்றன. அந்த இரும்புக்குள் காப்பியின் கதை இருக்கிறது. சேலம் இருந்தால்தான் முழுமை பெறும் உலக எஃகின் கதையும் இருக்கிறது. பழங்கருவி தேடுவோருக்கும், தேடத் தொடங்குவோருக்கும் ஒரு வழிகாட்டல்.

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் கைமாறும்போது, பங்களாவிலிருந்து சாமான்கள் வெளியேறுவதற்கு எழுதாத வரிசை ஒன்று உண்டு. ஈட்டி மர மேஜை, சாய்வு நாற்காலி, பீங்கான் தட்டு, சுவர்க்கடிகாரம் ஆகியவற்றுக்கு ஆள் முதல் நாளே வந்துவிடுகிறது. அடுத்து தேக்குக் கதவுக்கும் ஜன்னலுக்கும் விலை பேசுவார்கள். ஸ்டோர் ரூமைக் கடைசியாகத்தான் திறப்பார்கள்.

அங்கே என்ன இருக்கும்? காம்பு உடைந்த மண்வெட்டிகள், பல் போன கவாத்து வாள்கள், கடப்பாரை, ஆசாரியின் பெட்டியில் உளியும் இழைப்புளியும், நிலம் அளந்த சங்கிலி, பவுண்டு எடைக்கற்கள், மூலையில் சக்கரம் கழன்ற, காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பல்பர். இவற்றையெல்லாம் பார்க்க வருபவர் கேட்பது ஒரே கேள்வி: “எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ வரும்?”

அந்தக் கேள்வியோடு ஒரு தோட்டத்தின் நூறாண்டு வேலை முடிந்துவிடுகிறது. இரும்பு தனியாக, பித்தளை தனியாக, செம்பு தனியாகப் பிரிந்து மலையிறங்குகிறது. வாங்கியவர் மேல் தவறு சொல்ல முடியாது. பழைய லாரிப் பட்டையை அரிவாளாக அடித்துத் தரும் கொல்லருக்கு இரும்பு வேண்டும், உருக்காலைக்கும் வேண்டும். ஆனால் எந்த இரும்பை உருக்கலாம், எதை உருக்கக்கூடாது என்று தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பழங்கருவித் தேடல் என்பது அந்த ஒருவராக இருக்கக் கற்றுக்கொள்வதுதான்.

மலை சேர்த்து வைத்த இரும்பு

சேர்வராயன் மலையில் காப்பி வேர்விட்டது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அதைக் கொண்டுவந்து நட்டார். பேரிக்காய் போன்ற பழ மரங்களையும் அவரே அறிமுகப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். அவர் பெயரோடு சேர்ந்த கிரேஞ்ச் எஸ்டேட்டின் பெயர் இன்றும் ஊரில் புழங்குகிறது. பிறகு தோட்டங்கள் பெருகின, பங்களாக்கள் எழுந்தன. 1894இல் சேக்ரட் ஹார்ட் பள்ளி, 1917இல் மான்ட்போர்ட் பள்ளி என்று ஏற்காடு ஊராக வளர்ந்தது.

இன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுகிறோம். அந்த ரோடு இல்லாத காலத்தில் ஓர் ஆணி வேண்டுமென்றாலும் அதை மலையடிவாரத்திலிருந்து சுமந்து வர வேண்டும். அதனால் ஒவ்வொரு தோட்டமும் தனக்கென்று ஆசாரியையும் கொல்லரையும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உடைந்ததைத் தோட்டத்திலேயே சரிசெய்தார்கள். எதையும் தூக்கி எறியவில்லை. எஸ்டேட் ஸ்டோர் இத்தனை கருவிகளைச் சேர்த்து வைத்ததற்கு அதுதான் காரணம்.

காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கங்காணி பிரித்துக் கொடுக்கும் வேலைக்கேற்பக் கருவியை வாங்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் திருப்பி ஒப்படைப்பார்கள். குழி வெட்ட மண்வெட்டி, கல் பெயர்க்கக் கடப்பாரை, களை நீக்கக் கொத்து, கவாத்துக்கு வளைந்த வாளும் கத்தரியும், நிழல் மரமான சில்வர் ஓக்கில் ஏறிக் கிளை கழிக்க வெட்டுக்கத்தி. கணக்குப்பிள்ளையின் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் வரவு செலவு இருந்தது.

இந்தக் கருவிகளில் பெரும்பகுதி கப்பலேறி வந்தது. ஊல்வர்ஹாம்ப்டன் நகரத்துச் சில்லிங்டன் கம்பெனி தோட்டங்களுக்கான மண்வெட்டிகளை உலகெங்கும் அனுப்பியது. பர்மிங்காமின் ரால்ஃப் மார்ட்டிண்டேல் கம்பெனி தன் வெட்டுக்கத்திகளில் முதலை முத்திரை குத்தியது. உளியும் வாளும் ஷெஃபீல்டிலிருந்து, தராசு பர்மிங்காமின் ஏவரியிலிருந்து, காப்பி இயந்திரங்கள் லண்டன் ஜான் கார்டனிடமிருந்தும் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து மெக்கின்னனிடமிருந்தும் வந்தன. 1920களில் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் அக்ரிகோ ஆலை மண்வெட்டியும் பிக்காஸும் செய்யத் தொடங்கிய பிறகு நம் நாட்டு முத்திரையும் சேர்ந்துகொண்டது. மலைத்தோட்டக் கருவிகளைத் தேடுபவர் மனதில் வைத்திருக்க வேண்டிய பெயர்கள் இவை.

சேலத்து இரும்பும் ஷெஃபீல்டு முத்திரையும்

பழைய ஆங்கிலேய உளியைத் துடைத்துப் பார்த்தால், செய்தவர் பெயருக்குப் பக்கத்தில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று இரண்டு சொற்கள் குத்தியிருக்கும். மூசையில் உருக்கி வார்த்த எஃகு என்பது அதன் பொருள். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி 1740களில் ஷெஃபீல்டில் அந்த முறையைக் கண்டுபிடித்தார் என்று ஐரோப்பிய வரலாறு எழுதும். மூசையில் எஃகு செய்வது நம் மண்ணில் அதற்கு வெகு காலம் முன்பே நடந்த தொழில். கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் கிடைத்தன. இந்திய எஃகின் கட்டிகள் லண்டன் போய், 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்ற அறிஞர் ராயல் சொசைட்டியில் அவற்றைப் பற்றிக் கட்டுரை படித்தார். பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே, இளமையில் இந்த எஃகின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் முயன்றார்.

இந்தக் கதையில் சேலத்துக்கு நேரடியான பங்கு ஒன்று உண்டு. காக்பர்ன் மலைமேல் காப்பி நட்ட அதே காலகட்டத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக அதிகாரியாகச் சேலத்தில் இருந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலம் மாவட்டத்து இரும்புத்தாதுவின் தரமும் நம் கொல்லர்களின் எஃகும் அவரை விடவில்லை. கம்பெனி வேலையை உதறிவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை தொடங்கினார். மலபாரில் பேப்பூரிலும் ஆலை எழுந்தது. உலைக்கு மரக்கரி வேண்டும். காடு வெட்ட வெட்டக் கரி எட்டாத தூரத்துக்குப் போனது. பணம் கரைந்தது. ஆலை பல கைகள் மாறி, சில பத்தாண்டுகளில் அணைந்தது.

ஹீத் இங்கிலாந்து திரும்பினார். தென்னிந்திய எஃகைப் பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்த மனிதர், 1839இல் ஷெஃபீல்டு மூசை எஃகு செய்யும் ஒரு புதுமுறைக்குக் காப்புரிமை பெற்றார். உருகும் எஃகில் கொஞ்சம் மாங்கனீசும் கரியும் சேர்ந்த கலவையைப் போடுவதுதான் அந்த முறை. விலை மலிந்த இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைத்தது. அந்த எஃகு இரும்போடு நன்றாகப் பற்றவும் செய்தது. ஷெஃபீல்டு முழுக்க அந்த முறையைப் பிடித்துக்கொண்டது, ஆனால் ஹீத்துக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை. கலவையைத் தனியாகச் செய்யாமல் அதன் மூலப்பொருள்களை நேரே மூசையில் போட்டால் காப்புரிமை மீறல் ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.

ஏற்காட்டு ஸ்டோர் ஒன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த ஷெஃபீல்டு உளி கிடைத்தால், கையில் இருப்பது வெறும் இறக்குமதிச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மலையடிவாரத்தில் இரும்பைப் படித்த ஒருவர் அந்த எஃகைத் திருத்திய கதை அதற்குள் இருக்கிறது. காயலான் கடைத் தராசுக்கு அது தெரியாது. சேலத்துக்காரர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு தரம், ரெண்டு தரம்…

இறந்தவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுவது சென்னை மாகாணத்துக்குப் பழைய வழக்கம். கம்பெனி காலத்தில் ஓர் ஐரோப்பியர் இங்கே இறந்தால், அவருடைய உடைமைகளைப் பட்டியலிட்டுப் பகிரங்க ஏலத்தில் விற்று, பணத்தை ஊரிலிருக்கும் வாரிசுக்கு அனுப்புவார்கள். என்ன பொருள், யார் எடுத்தார், என்ன விலை என்று எழுதிய அந்தப் பட்டியல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. வாரிசு இல்லாதோர் சொத்தைப் பொறுப்பேற்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் என்ற பதவி இன்றைக்கும் சட்டத்தில் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் சென்னையில் ஏலம் என்றால் மர்ரே அண்ட் கம்பெனி. அதை நடத்திய மர்ரே எஸ். ராஜத்துக்குத் தமிழர்கள் இன்னொரு வகையிலும் கடன்பட்டிருக்கிறார்கள். ஏலத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு, 1950களில் சங்க இலக்கியத்தையும் கம்பராமாயணத்தையும் சந்தி பிரித்து, எளிய வாசகருக்கு எட்டும் மலிவு விலையில் பதிப்பித்தவர் அவர். பழம்பொருளின் மதிப்பு அறிந்த ஒருவர் பழந்தமிழின் மதிப்பையும் அறிந்திருந்தார். கொல்கத்தாவில் 1940இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச், ஞாயிற்றுக்கிழமை ஏலங்களுக்குப் பெயர் பெற்றது. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோகும் வரை பழைய புத்தகம் முதல் பழைய திருகாணி வரை அங்கே கிடைத்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் துலாவும் பாத்திரமும் இன்றும் விலைக்கு வருகின்றன.

ஏற்காட்டில் அப்படி ஒரு நிலையான ஏலக்கடை வழக்கமில்லை. சரக்கு மூன்று வழியில் வெளியே வரும். ஒன்று, பாகப்பிரிவினை அல்லது கிரையத்தின்போது பங்களா மொத்தமாகக் காலியாவது. மேஸ்திரி, பழைய ரைட்டர், டிரைவர் என்று வாய்மொழியில் சேதி பரவும். இரண்டாவது, பழைய பல்பிங் கொட்டகையை இடித்து விடுதி கட்டும்போது. இடிப்பவரே பழைய இரும்புக்கும் ஒப்பந்தம் எடுத்துவிடுவார். அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால்தான் உண்டு. மூன்றாவது, அரசு, வங்கி, ரயில்வே விற்பனைகள். கழிவுப் பொருள் ஏலம் இப்போது பெரும்பாலும் ஆன்லைனில் நடக்கிறது; 1964இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் மின்-ஏலம் அதில் முக்கியமானது. முன்வைப்புத் தொகை கட்டி, சரக்கு கிடக்கும் இடத்துக்கே போய் லாட்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். படத்தை மட்டும் நம்பிக் கேட்டவர்கள், வேண்டிய ஒரு பொருளுக்காக வேண்டாத ஒரு டன்னைச் சுமக்க நேரும்.

வாய்மொழி விற்பனையில் நாகரிகமாக நடந்துகொள்வதற்குத் தனிப் பலன் உண்டு. “அண்ணே, மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்குங்க, இந்த ஆசாரிப் பெட்டிய மட்டும் இரும்பு விலைக்கு மேல போட்டு நான் எடுத்துக்கிறேன்” என்று காயலான் கடைக்காரரிடம் நேராகச் சொன்னால், அடுத்த முறை அவரே போன் போட்டுச் சொல்வார். அவர்தான் மலையில் எந்த ஸ்டோர் எப்போது திறக்கும் என்று முதலில் அறிபவர்.

கையில் எடுத்துப் பார்த்தால்

ஆசாரிப் பெட்டியைத் திறந்தவுடன் கண் போக வேண்டியது இழைப்புளியின் மேல். இரும்பு உடலோடு இருந்தால் ஸ்டான்லி, ரெக்கார்டு என்ற இரண்டு பெயர்களைத் தேடலாம். அமெரிக்கரான லெனார்டு பெய்லியின் வடிவமைப்பை ஸ்டான்லி கம்பெனி 1869இல் வாங்கியது; இன்றுவரை உலகம் முழுக்க இரும்பு இழைப்புளியின் உருவம் அதுதான். ஷெஃபீல்டின் ரெக்கார்டு இழைப்புளிகள் 1931இல் வந்தன. நம்பர் 4 என்றால் முடிவு இழைப்புக்கு. நம்பர் 5 நீளம் கூடியது, முதல் இழைப்புக்கு. நம்பர் 7 ஏறத்தாழ இருபத்திரண்டு அங்குலம், பலகை விளிம்பை நேராக்க.

தகட்டைக் கழற்றி, அது சாய்ந்திருந்த இரும்பு மேடைக்குப் பின்னால் உடலில் வார்த்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். அமெரிக்க ஸ்டான்லியில் 1910 ஏப்ரல் 19 என்ற காப்புரிமைத் தேதி தனியாக இருந்தால், அது முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலத்து வார்ப்பு. பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பி, தகடு எட்டிப்பார்க்கும் வாயின் இரு ஓரங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு விரிசல் விடுவது அங்கேதான். மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தாலும் வேலைக்கு ஆகாது. இலேசாகப் பிடித்து விரலால் தட்டினால் நல்ல உடல் கணீரென்று பேசும்; விரிசல் உள்ளது மந்தமாக ஒலிக்கும்.

தகட்டின் நுனியைப் பக்கவாட்டில் பார்த்தால், பழையதில் இரண்டு நிறம் தெரியும்: மேலே இரும்பு, அடியில் மெல்லிய எஃகுப் பட்டை. எஃகு விலை உயர்ந்திருந்த காலத்தில், வெட்டும் முனைக்கு மட்டும் எஃகைப் பற்றவைத்துச் சிக்கனம் செய்தார்கள். தீட்டும்போது இரும்பு சீக்கிரம் தேயும், எஃகு நிற்கும். அதனால் இந்தத் தகடுகளைக் கையால் தீட்டுவது சுலபம். எஃகுப் பகுதி எத்தனை அங்குலம் மிச்சமிருக்கிறது என்பதுதான் அதன் ஆயுள்.

மரப்பிடியையும் அவசரமாக மாற்றிவிடாதீர்கள். வலது கட்டை விரல் அழுந்திய இடத்தில் மரம் பள்ளமாகியிருக்கும். உங்கள் விரல் அதில் சரியாகப் பொருந்தினால், ஓர் ஆசாரி ஆயுள் முழுக்க எப்படிப் பிடித்தார் என்பதை அந்தப் பள்ளமே சொல்லித்தரும். இங்கிலாந்தில் மர இழைப்புளியின் முன்முகத்தில் ஒவ்வொரு சொந்தக்காரரும் தன் பெயரைக் குத்துவார். நம் ஆசாரிகளின் கருவியிலும் இனிஷியலோ அடையாள வெட்டோ இருக்கலாம். அந்தக் குறியைத் தேய்த்துவிட்டால் கருவி பாதி ஊமையாகிவிடும்.

பல்பரும் சங்கிலியும் பவுண்டுக்கல்லும்

மலைக்கே உரிய கருவி பல்பர். காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும். தாமதித்தால் புளிக்கும், வாசனை கெடும். பழைய கைப்பல்பரில் மேலே பழம் கொட்டும் தொட்டி, உள்ளே சுழலும் வட்டு அல்லது உருளை. வட்டின் மேல் போர்த்திய செம்புத் தகட்டில் சிறு சிறு குமிழ்கள் எழும்பியிருக்கும். எதிரே ஓர் இரும்புப் பட்டை. சக்கரத்தைச் சுற்றினால் குமிழ்கள் பழத்தை இழுத்துப் பட்டையில் அழுத்தும். தோல் ஒரு பக்கம் போகும், வழவழப்பான கொட்டை மறுபக்கம் வழுக்கி விழும். பிறகு அதைப் புளிக்க வைத்து, அலசி, களத்தில் உலர்த்துவார்கள்.

எல்லாம் வட்டுக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. நெருக்கினால் கொட்டை நசுங்கும். தளர்த்தினால் பழம் உரியாமல் தப்பும். அந்த ஆண்டு மழைக்கேற்ப, பழத்தின் பருமனுக்கேற்பத் திருகாணியை எத்தனை சுற்று திருப்புவது என்பது பல்பர் ஓட்டுநரின் கைக்கணக்கு. வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதுதான்: திருகாணி அசைகிறதா, அச்சு ஆடுகிறதா, செம்புத் தகடு கிழிந்திருக்கிறதா. செம்பின் விலைக்காகத் தகட்டை முதலில் உரித்துவிடுவார்கள். தகடு போன பல்பர் பிறகு வேலை செய்யாது. சிறு விவசாயிகள் கைப்பல்பரை இன்றும் பயன்படுத்துவதால், நல்ல நிலையில் கிடைத்தால் அதைக் காட்சிப்பொருளாக்குவதைவிட ஒரு களத்துக்குக் கொடுப்பதே மேல்.

நிலமளந்த சங்கிலியைக் கண்டால் விடாதீர்கள். அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணிகள், பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைப் பட்டயம்; பட்டயத்தின் பற்களை எண்ணினால் எத்தனை பத்து என்று தெரியும், நடுவில் ஐம்பதுக்கு வட்டப் பட்டயம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். இன்று மனை வாங்கும் ஒவ்வொருவரும் பேசும் ‘சென்ட்’ இந்தச் சங்கிலியின் கணக்குதான்.

பவுண்டு எடைக்கற்கள் கொத்துக்கொத்தாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1958 அக்டோபரில் தொடங்கி 1960களின் தொடக்கத்துக்குள் நாடு கிலோ கணக்குக்கு மாறியது. அதுவரை காப்பியை ஹண்ட்ரட்வெயிட்டில், அதாவது நூற்றுப்பன்னிரண்டு பவுண்டில் நிறுத்த தோட்டங்களில் பழைய கற்கள் வியாபாரத்துக்கு உதவாமல் மூலைக்குப் போயின. கல்லைத் திருப்பிப் பாருங்கள்: அடியிலுள்ள குழியில் ஈயம் ஊற்றி அதன்மேல் அரசு முத்திரை குத்தியிருக்கும். கல் எப்போது கடைசியாகச் சரிபார்க்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

துருவை எடுப்பது

சேர்வராயன் மலையின் பனியும் மூட்டமும் காப்பிக்கு நல்லது, இரும்புக்குக் கெடுதல். மேல்துரு பயமுறுத்தும், ஆனால் போய்விடும், குழித்துருதான் ஆபத்து. வெட்டும் முனையில் குழி விழுந்திருந்தால் அந்த அளவுக்கு எஃகு போனது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள். இலேசான துருவுக்கு, பித்தளைப் பாத்திரம் துலக்கும் அதே புளி போதும். கழுவியவுடன் ஈரம் போகத் துடைத்துக் காயவைக்க வேண்டும். துரு கனமாக இருந்தால் மின்முறை நல்லது. பிளாஸ்டிக் வாளியில் நாலைந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியோடும், நேர்முனையை வேண்டாத இரும்புத் துண்டோடும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் துரு கருஞ்சேறாக உதிரும்; அடியிலுள்ள எழுத்து அப்படியே மிஞ்சும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் கூடவே கூடாது. நச்சான குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வாயு எழுவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். கம்பியைத் தொடுமுன் சுவிட்சை அணையுங்கள்.

செய்யக்கூடாத முதல் காரியம், மின் சாணையில் வைத்து மினுமினுக்க வைப்பது. முத்திரை அழியும், முனை சூடேறி நீலம் பாய்ந்தால் பழைய கார்பன் எஃகின் பதம் போய்விடும். பெயின்டும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிதாகப் பூசினால் போதும்.

வாங்கும் முன் கவனிக்க

விற்பவருக்கு விற்க உரிமை இருக்கிறதா என்று கேளுங்கள். பாகம் பிரியாத சொத்தில் ஒரு பங்காளி மட்டும் விற்றால் பின்னால் தகராறு வரும். துண்டுச் சீட்டிலாவது தேதியும் பொருளும் எழுதி வாங்குங்கள்.

நூறாண்டு கடந்த பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் இருக்கிறது. வரலாற்று மதிப்புள்ள பொருள்களை அனுமதியின்றி வெளிநாடு அனுப்ப முடியாது. அவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையைக் கேட்டுவிடுவதே சரி.

பொருள் கிடந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள். பெட்டியை உடைத்து விற்காதீர்கள்: ஓர் ஆசாரியின் உளிகள் ஒன்றாக இருக்கும்வரைதான் அவர் என்ன வேலை செய்தார் என்று சொல்லும். விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “இதைக் கடைசியாக யார் வைத்து வேலை செய்தார்?” அந்த ஸ்டோரைத் திறந்துவிட்ட முதியவரே பதிலாக இருக்கக்கூடும்.

மலைக்கு ஒரு கருவிக்கூடம்

அமெரிக்காவில் பழந்தொழில்களின் கருவிகளைப் பாதுகாக்க 1933இலேயே ஒரு சங்கம் அமைந்தது. பிரிட்டனில் கருவிகளும் தொழில்களும் பற்றிய வரலாற்றுக் கழகம் 1983இல் உருவானது. அங்கே டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ் என்ற தொண்டு நிறுவனம், வீடுகளில் கிடக்கும் பழங்கருவிகளைத் தொண்டர்களைக் கொண்டு சீர்செய்து ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கு அனுப்புகிறது. சேர்த்து வைப்பது, எழுதி வைப்பது, மறுபடி வேலைக்குக் கொடுப்பது என மூன்று வேலைகளும் ஒன்றோடொன்று இசைந்து போகும் என்பதற்கு இவை சான்று. நம் பக்கத்திலேயே, 1996இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ரா, இடிபடவிருந்த வீடுகளையே பெயர்த்து வந்து நிறுத்திக் காட்டியிருக்கிறது.

ஏற்காட்டில் இதைத் தொடங்கப் பெரும் பணம் தேவையில்லை. ஓர் எஸ்டேட் தன் பழைய பல்பிங் கொட்டகையில் ஒரு சுவரை ஒதுக்கலாம். பள்ளி மாணவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்க் கருவிகளின் முத்திரையையும் பயன்பாட்டையும் எழுதி வரலாம். மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் ஊர்களில் இன்னும் புழங்கும் கருவிகளை அவர்கள் சொல்லும் பெயரோடும் முறையோடும் சேர்த்துப் பதிவு செய்யலாம். மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் போட்டு, பழைய பல்பரில் பழம் உரித்துக் காட்டினால், காப்பி குடிக்கும் தமிழ்நாடு அதை நின்று பார்க்கும்.

தோட்டங்களின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் துரைமார்களின் பெயர்கள் இருக்கின்றன. குழி வெட்டியவர், கவாத்து செய்தவர், பல்பர் ஓட்டியவர், கதவு இழைத்தவர் ஆகியோரில் மிகப் பலரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் கை பட்டுத் தேய்ந்த காம்பும் பிடியும்தான் அவர்கள் எழுதிவிட்டுப் போன ஏடு. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் மலையில் உயிரோடு இருக்கிறார்கள். அடுத்த ஸ்டோர் ரூம் திறக்கப்படும் நாளில், தராசு வருவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போய் நில்லுங்கள். முதலில் கருவியின் பெயரையும், அடுத்து அதைப் பிடித்தவரின் பெயரையும் எழுதுங்கள். விலை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.